வீட்டுக்கோழி முட்டை லாபமா? 5 கோழி வளர்க்கும் வீட்டுக்கு எட்டாத தடுப்பூசி!

மதுரை: நாமக்கல்லில் முட்டை விலை ஏறினால் போதும், மதுரையில் வீட்டுக்கு வீடு கோழி ஆசை கிளம்பிவிடுகிறது. 2025 டிசம்பரில் பண்ணைக் கொள்முதல் விலையே 6 ரூபாயைத் தாண்டியது. கடைக்கு வரும்போது அதற்கு மேல். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு முட்டை என்றால் கைக்காசு கரைகிறது. "பேசாம நாமளே நாலு கோழி வாங்கி விட்டா என்ன?" என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பமாகிறது.

செல்லூர், ஜெய்ஹிந்த்புரம், வில்லாபுரம், அவனியாபுரம் என்று சந்து பொந்தெல்லாம் பார்த்தால் தெரியும். மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகைக்கூண்டு, மொட்டை மாடியில் கம்பி வலை, திண்ணையில் கவிழ்த்த பஞ்சாரம். கிராமத்தில் இருந்து பிழைப்புக்கு வந்த குடும்பங்கள் கோழியை விடவே இல்லை. புதிதாக ஆசைப்படுகிறவர்களும் சேர்ந்து கொண்டார்கள்.

ஆசை சரி. கணக்கு சரியா வருதா?

பைசா கணக்கு

பண்ணையில் கூண்டுக்குள் நிற்கும் வெள்ளை லெகார்ன் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் போடும். அதற்காகவே உருவாக்கப்பட்ட இனம் அது. வீட்டில் மேயும் நாட்டுக்கோழி அப்படி இல்லை. வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை வந்தால் நல்ல கோழி. 12, 15 முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை. குஞ்சு பொரித்தால் அதுகளை கூட்டிக்கொண்டு திரிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல். அதுவரை முட்டை கிடையாது.

ஐந்து கோழி என்று வைப்போம். தலைக்கு 70 முட்டை. வருடத்துக்கு 350. அதாவது நாளைக்கு ஒன்று கூட முழுசாக இல்லை. வீட்டில் நாலு பேர்!

தீனிக்கு வருவோம். "மிச்சம் மீதி சோத்தை போட்டா போதும், தானா மேஞ்சுக்கும்" என்பார்கள். தோட்டம் உள்ள வீட்டுக்கு அது பொருந்தும். சிமெண்ட் தரையில் கோழி எதை மேயும்? ஒரு கோழிக்கு நாளைக்கு 50 கிராம் நொய்யோ கம்போ கையில் அள்ளிப் போட்டாலும் ஐந்து கோழிக்கு கால் கிலோ. வருடத்துக்கு 90 கிலோவைத் தாண்டும். கிலோ 30 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 2,700 ரூபாய்க்கு மேல். அந்த 350 முட்டையை கடையில் 7 ரூபாய் மேனிக்கு வாங்கினால் 2,450 ரூபாய்தான்.

வெள்ளை முட்டை விலையோடு ஒப்பிட்டால் வீட்டுக்கோழி நஷ்டம். நாட்டுக்கோழி முட்டை ஒன்று 15 ரூபாய் என்று பக்கத்து வீட்டுக்கு விற்றால் 5,250 ரூபாய் வரும், லாபம். ஆனால் விற்றால் வீட்டுப் பிள்ளை எதைச் சாப்பிடும்? விற்பதற்கா, தின்பதற்கா என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் கோழி வாங்க வேண்டும்.

நாட்டு முட்டையில் சத்து பல மடங்கு என்று சொல்வதை நம்பி காசைக் கொட்டுகிறவர்களும் உண்டு. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. மஞ்சள் கரு அடர்த்தியாக இருப்பது கீரை, புல், பூச்சி தின்பதால். ருசி கூடுதல்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் நாட்டு முட்டை அளவில் சிறியது.

எல்லாம் யார் தலையில்?

காசுக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. வேலை!

விடியற்காலை கூண்டைத் திறக்க வேண்டும். ராத்திரி போட்ட எச்சத்தை அள்ள வேண்டும். அள்ளாமல் இரண்டு நாள் விட்டால் நாற்றம், ஈ, அப்புறம் எதிர்வீட்டுச் சண்டை. தண்ணீர்ச் சட்டியை கழுவி ஊற்ற வேண்டும், ஏனென்றால் கோழி அதிலேயே காலை வைத்து கலக்கி விடும். மதுரை வெயிலில் மதியம் இன்னொரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். கோழிக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ளும். சித்திரை, வைகாசியில் வாயைப் பிளந்து நிற்கும் கோழியிடம் முட்டை எதிர்பார்க்கக் கூடாது.

அப்புறம் முட்டையைத் தேடும் வேலை. கூண்டில் வைக்கோல் போட்டு மெத்தை மாதிரி இடம் செய்து வைத்திருப்பார்கள். கோழி அங்கே போடாது. பழைய சைக்கிள் டயருக்குள், துணி மூட்டைக்குப் பின்னால், பக்கத்து வீட்டு விறகு அடுக்கில் போடும். கேறும் சத்தம் வந்ததும் பின்னாலேயே ஓடிப் போய் பார்க்க வேண்டும். தாமதித்தால் காக்காவோ பெருச்சாளியோ முந்திக்கொள்ளும்.

பொழுது சாயும் முன்பு எண்ணி அடைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் வீடே தெருவில் இறங்கும். நாய் பிடித்ததா, பூனை தூக்கியதா, ஆள் தூக்கியதா? கீரிப்பிள்ளை ஒரு ராத்திரி கூண்டுக்குள் புகுந்தால் ஒன்றோடு நிற்காது. கையை நுழைக்கும் அளவு கம்பி இடைவெளி இருந்தால் அது கூண்டே இல்லை.

இந்த வேலையில் முக்கால்வாசியை வீட்டுப் பெண்தான் செய்கிறாள். ஆசைப்பட்டு சந்தையில் வாங்கி வந்தவர் வீட்டுக்காரர். பேர் வைத்தது பிள்ளைகள். எச்சம் அள்ளுவது அம்மா. வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி இதற்கே போகிறது. ஊரில் ஒரு கல்யாணம், சாவு என்றால் கூட "ராத்திரி கோழியை யாரு அடைப்பா?" என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாலு முட்டை கொடுத்தாக வேண்டும், அது மரியாதை.

வாடகை வீடு என்றால் தொல்லை இரட்டிப்பு. சேவல் நாலு மணிக்கே கூவும். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர் சும்மா இருப்பாரா? உண்மையில் முட்டைக்கு சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாமலே கோழி முட்டை போடும். குஞ்சு வேண்டும் என்றால்தான் சேவல் வேண்டும். இது தெரியாமல் சேவலையும் சேர்த்து வாங்கி, வீட்டு ஓனரிடம் திட்டு வாங்குகிறவர்கள் பலர்.

அப்புறம் ஏன் வளர்க்கிறார்கள்?

இவ்வளவும் தெரிந்தும் விடுவதில்லையே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதல் முட்டை போடும் வெடக்கோழியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நாளாக மூலை மூலையாகப் போய் உட்கார்ந்து பார்க்கும். போட்டு முடித்ததும் தெருவுக்கே சொல்லும். பிள்ளைகள் அந்த வெதுவெதுப்பான முட்டையை கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கடையில் அட்டைப் பெட்டியில் வாங்கும் முட்டைக்கு இந்தக் கொண்டாட்டம் கிடையாது.

அடை வைத்த ஏழாம் நாள் ராத்திரி கரண்டை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்ப்பது இன்னொரு திருவிழா. உள்ளே சிவப்பு நரம்பு சிலந்தி வலை மாதிரி ஓடினால் கரு பிடித்திருக்கிறது. ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் அப்படியே வந்தால் கூமுட்டை. பாடப் புத்தகத்தில் படம் பார்த்துப் படிக்கும் பாடத்தை பிள்ளை கையில் வைத்துப் பார்க்கிறது.

கோழிக்கு அறிவு கிடையாது என்பதும் தப்பு. கூட்டத்தில் யார் முதலில் கொத்துவது, யார் ஒதுங்கி நிற்பது என்று ஒரு ஒழுங்கு உண்டு. இதை 1921-ல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுதி வைத்த பிறகுதான் உலகம் பெரிதாகப் பேசியது. நம் ஊர் அப்பத்தாக்களுக்கு அது எப்போதோ தெரியும். எந்தக் கோழி ரவுடி, எதற்கு தனியாக தீனி வைக்க வேண்டும் என்று அவர்கள் பார்த்துப் பார்த்து வைப்பார்கள். தனியாக இருக்கும் வயசானவர்களுக்கு "பா.. பா.." என்று கூப்பிட்டால் ஓடி வர ஒரு ஜீவன் இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஓட்டு வீட்டில் பூரான், தேள் தொல்லை இருந்தால் கோழி அதையும் கொத்தித் தின்னும்.

ஆனால் பேர் வைத்த கோழியை குழம்பு வைக்க முடியாது என்பதுதான் சிக்கல். மாமா ஊரில் இருந்து வந்திருப்பார். வீட்டுக்காரர் கண் கூண்டுப் பக்கம் போகும். பிள்ளைகள் அழுது புரளும். கடைசியில் பிராய்லர் அரைக்கிலோ வாங்கி வந்து சமாளிப்பார்கள். பாண்டி கோயிலுக்கு என்று நேர்ந்து விட்ட சேவல் இருக்கும் வீட்டில் கதை இன்னும் மோசம். வாங்கிய அன்றே சாமிக்கு என்று சொல்லிவிட வேண்டும். வளர்ந்த பிறகு சொன்னால் பிள்ளைகள் கேட்காது.

கலர் குஞ்சு ஏமாற்று

பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் பூசி கூடையில் வரும் குஞ்சுகளை யாரும் மறந்திருக்க முடியாது. பத்து, இருபது ரூபாய்க்கு கிடைக்கிறதே என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை பொரிப்பகங்களில் கழித்துக் கட்டிய ஆண் குஞ்சுகள். முட்டைக்கோழி இனத்தில் ஆண் குஞ்சு பண்ணைக்குப் பயன்படாது. முட்டையும் போடாது, கறியும் சீக்கிரம் பிடிக்காது. அதனால்தான் அந்த விலை.

முதல் வாரம் குஞ்சுக்கு கிட்டத்தட்ட 35 டிகிரி சூடு வேண்டும். தாய்க்கோழி சிறகு இல்லை என்றால் குண்டு பல்பு போட்டு வைக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் போட்டு பேன் காற்றில் வைத்தால் மூன்றாம் நாள் காலையில் விறைத்துக் கிடக்கும். பிள்ளைக்கு முதல் கோழி அனுபவமே சாவாகப் போகிறது. தப்பிப் பிழைத்தால் அது சேவல். ஆறு மாதம் தீனி போட்டு முட்டைக்கு காத்திருந்த அம்மாக்கள் மதுரையில் கொஞ்சமா?

ஒரே வாரத்தில் கூண்டு காலி

இதுவரை சொன்னதெல்லாம் சமாளிக்கக் கூடிய தொல்லை. சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. "கோழிச் சீக்கு" என்று ஜனங்கள் சொல்லும் வெள்ளைக் கழிச்சல்.

டாக்டர்கள் இதை ராணிக்கெட் நோய் என்கிறார்கள். 1920-களின் கடைசியில் இந்தியாவில் இது கண்டறியப்பட்ட மலை ஊரின் பெயர் அது, இன்றைய உத்தரகாண்டில் இருக்கிறது. முதல் நாள் கோழி ஓரமாக நின்று தூங்கி விழும். தீனி எடுக்காது. பச்சையும் வெள்ளையுமாக கழியும். சிலது கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டம் போடும். ஊசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் பத்துக்கு எட்டு, சில சமயம் பத்துக்கு பத்தும் போய்விடும். நோய் வந்த பிறகு மருந்து கிடையாது. சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், வேப்பிலை அரைத்துக் கொடுப்பார்கள். பெரியவர்கள் சொன்ன வைத்தியம் பல தொல்லைக்கு உதவும். இந்தக் கிருமிக்கு முன்னால் தடுப்பூசி ஒன்றுதான் நிற்கும்.

தடுப்பூசி இலவசம்தான். கால்நடை பராமரிப்புத் துறை வருடா வருடம் கோடைக்கு முன்பாக இரண்டு வார முகாம் நடத்துகிறது. பல அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளிலும் போடுகிறார்கள். அப்புறம் ஏன் செல்லூர் சந்தில் கோழி சாகிறது?

காரணம் ஊசி மருந்துக் குப்பியிலேயே இருக்கிறது. தூளாக வரும் அந்த மருந்தை திரவத்தில் கரைத்துப் போட வேண்டும். ஒரு குப்பி பொதுவாக 100 கோழிக்கு. கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதற்கு மேல் வீரியம் போய்விடும், போட்டும் பயனில்லை.

ஐந்து கோழிக்காரர் தனியாக கூடையோடு போய் நின்றால் என்ன ஆகும்? அவருக்காக ஒரு குப்பியை உடைத்தால் மீதி 95 கோழி மருந்து வீண். "இன்னும் நாலு பேர் வரட்டும்மா" என்று உட்கார வைப்பார்கள். இல்லை, சனிக்கிழமை வாருங்கள் என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் சனிக்கிழமை அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ்ஸில் கோழிக்கூடையோடு வருவாரா? ஷேர் ஆட்டோக்காரர் ஏற்றுவாரா? வரமாட்டார், ஏற்றமாட்டார். கிராமத்தில் முகாம் என்றால் டாம்டாம் போட்டு ஊரே கூடும். நூறு கோழி பத்து நிமிடத்தில் சேர்ந்துவிடும். நகரத்துச் சந்தில் யார் வீட்டில் கோழி இருக்கிறது என்பது அடுத்த தெருவுக்கே தெரியாது.

பண்ணைக்காரர் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறார், மொத்தமாக மருந்து வாங்கிப் போட்டுவிடுகிறார். இடையில் விட்டுப்போனது இந்த ஐந்து கோழி வீடுதான். ஏழைப் பெண்களுக்கு இலவசமாகவும், 50 சதவீத மானியத்திலும் நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டங்களை அரசு கடந்த ஆண்டுகளில் நடத்தியிருக்கிறது. நல்ல காரியம். அதே மாதிரி மாநகராட்சி வார்டுக்கு ஒரு நாள் என்று குறித்து, ஐஸ் பெட்டியோடு ஒரு ஆளை அனுப்பினால் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

சீக்குக் கோழி சந்தைக்கு

நோய் பரவுவதில் ஜனங்கள் பங்கும் இருக்கிறது. ஒரு கோழி தூங்கி விழ ஆரம்பித்ததும் மற்றதையெல்லாம் அள்ளிக்கொண்டு சந்தைக்கு ஓடுகிறார்கள். வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் போதும் என்ற அவசரம். போட்ட காசு போகிறதே என்ற வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் திருமங்கலம் வெள்ளிக்கிழமை சந்தையிலோ உசிலம்பட்டியிலோ அதை வாங்குகிறவரும் இன்னொரு ஐந்து கோழிக்காரர்தானே! பார்க்க நன்றாக இருக்கும் கோழிக்குள்ளேயே நோய் ஒளிந்திருக்கும். வாங்கி வந்ததை இரண்டு, மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகுதான் பழைய கோழிகளோடு விட வேண்டும்.

செத்த கோழியை கால்வாயிலும் வைகையிலும் வீசுவது அடுத்த கொடுமை. நாய் இழுக்கும், காக்கா கொத்தும், நோய் தெரு தாண்டும். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். சிமெண்ட் சந்தில் புதைக்க இடம் இல்லை என்றால் மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்கோ கால்நடை மருந்தகத்துக்கோ சொல்ல வேண்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் சொல்லியே ஆக வேண்டும். பறவைக் காய்ச்சல் வந்தாலும் இதே மாதிரிதான் கோழிகள் கூட்டமாகச் சாகும். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இந்தியாவில் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் அது வந்தது. பக்கத்து கேரளாவில் 2021-லும் 2024-லும் வந்தது. 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் 2 வயது பெண் குழந்தையை அது பலி வாங்கியது. நன்றாக வெந்த முட்டையாலும் கறியாலும் பயம் இல்லை. செத்துப் போன, சாகக் கிடக்கும் கோழியை "வீணாப் போகுதே" என்று அறுப்பதில்தான் ஆபத்து. அந்த வேலையையும் பெரும்பாலும் வெறுங்கையோடு செய்வது வீட்டுப் பெண்தான்.

கோழியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு அதே கையோடு பிஸ்கட் தின்னும் பிள்ளைகளுக்கு சோப்புப் போட்டு கை கழுவப் பழக்க வேண்டும். எச்சத்தில் இருக்கும் கிருமி வயிற்றுப்போக்கை கொண்டு வரும். சின்னக் குழந்தைகளுக்கு ஆப்பாயிலும் வேண்டாம்.

என்ன செய்யலாம்?

தெருவில் கோழி வைத்திருக்கும் பத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்தால் ஐம்பது கோழி தேறும். அடுத்த தெருவையும் சேர்த்தால் ஒரு குப்பிக்கு ஆள் ரெடி. மகளிர் குழுக்கள் வாரம் ஒரு முறை எப்படியும் கூடுகின்றன. அங்கே ஒரு நோட்டில் யார் வீட்டில் எத்தனை கோழி என்று எழுதி, மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நாள் குறித்துக் கொடுக்க மாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து உண்டு. எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் ஊசி. நோய்வாய்ப்பட்ட கோழிக்கு ஊசி போடக் கூடாது. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு பூச்சி மருந்து கொடுத்துவிட வேண்டும். கொண்டு போகும்போது காற்றோட்டமான கூடை நல்லது, சாக்கில் கட்டிப் போனால் வெயிலில் போகும் வழியிலேயே திணறிச் செத்துவிடும். கூடைக்கு அடையாளமாக ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள். நூறு கோழி கூடும் இடத்தில் திரும்பும்போது கோழி மாறிப் போய் அதற்கு ஒரு பஞ்சாயத்து வேண்டாம்.